சிறுநீரியல் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்: மகள் முன்னிலையில் கேட்க முடியாத கேள்வி

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளின் சிறுநீரியல் பிரிவுகளுக்கு வணக்கம்.

புரோஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்த் தொல்லையுடன் உங்களிடம் வரும் தமிழ் முதியவர்கள் பலருக்கு, உடன் வரும் மகளோ மருமகளோதான் மொழிபெயர்ப்பாளர். இதனால் சிகிச்சைத் தேர்வே தடம் மாறிவிடுகிறது.

சிக்கல் அறிகுறிப் படிவத்திலேயே தொடங்குகிறது. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். காத்திருக்கும் இடத்தில் மருமகள் பேனாவைப் பிடித்தபடி, "முக்கித்தான் போகணுமா மாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டால், "அதெல்லாம் இல்லம்மா" என்பதைத் தவிர எந்த மாமனார் வேறென்ன சொல்வார்? இரவில் நான்கு முறை எழுபவர் இரண்டு என்கிறார். மொத்தம் 8-க்குக் கீழே இறங்கிவிட்டால், மிதமான தொல்லை உள்ளவரும் லேசான தொல்லைக்காரராகக் கணக்கில் ஏறிவிடுகிறார்.

மாத்திரைக்கும், சிறுநீர்க்குழாய் வழியே திசுவைச் சீவி எடுக்கும் அறுவைக்கும் இடையில் இன்று வேறு வழிகளும் உண்டு. ரெசூம் முறையில் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 9 வினாடி நீராவி செலுத்தப்பட, திசு மெல்லச் சுருங்குகிறது. யூரோலிஃப்ட் முறையில் எதையும் வெட்டாமல், சிறு உள்வைப்புகள் சுரப்பியின் மடல்களை இருபுறமும் இழுத்துப் பிடித்து வழிவிடுகின்றன. நீராவிக்குப் பின் சில நாள் சிறுநீரை வெளியேற்றச் செருகிய குழாயுடன் (கத்தீட்டர்) இருக்க வேண்டும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், எல்லாருடைய சுரப்பிக்கும் இவை பொருந்தா, மறுசிகிச்சைக்கான வாய்ப்பு சீவி எடுப்பதைவிட அதிகம் என்பவற்றை நீங்கள் விளக்குகிறீர்கள், மகளும் சொல்லிவிடுகிறார். (மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் தயங்காமல் கேட்டுவிடுவார்.) ஆனால் சீவி எடுத்த பின் பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது என்பதையும், இப்புதிய முறைகளில் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் நேர்வதில்லை என்பதையும் எந்த மகள் அப்பாவிடம் எடுத்துச் சொல்வார்? "ஏதோ சைட் எஃபெக்ட் இருக்காம்ப்பா" என்பதோடு பேச்சு முடிந்து, அவரும் கையெழுத்திட்டுவிடுகிறார். அந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று அவருக்காக வேறு யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

ஆகவே தமிழ்ப் படிவத்தை அவர் கையிலேயே கொடுங்கள்; வாசிக்கச் சிரமப்படுபவருக்குத் தமிழறிந்த ஆண் ஊழியர் ஒருவர் உதவட்டும். ஒப்புதல் பெறுமுன் குடும்பத்தாரைச் சற்று நேரம் வெளியே அமரச் சொல்லி, தொலைபேசி வழியாகவேனும் வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். விந்து பற்றிய விவரத்தை அவர் கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முதியவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்லும் தொண்டூழியர் ஒருவர்