தூக்க முடியாத பையை எதுக்குக் கட்டணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயல், வெள்ளம், நிலநடுக்கம்னு எங்கயாவது ஒண்ணு நடந்துட்டா போதும், அடுத்த நாளே எல்லா பேப்பர்லயும் அவசரகாலப் பையில என்னென்ன இருக்கணும்னு ஒரு பெட்டிச் செய்தி வந்துடுது. டார்ச், ரேடியோ, தண்ணி, பிஸ்கட், கயிறு, கத்தி, முதலுதவிப் பெட்டி, போர்வை, மூணு நாளைக்குத் துணின்னு வரிசையா இருபது முப்பது ஐட்டம். எல்லாம் தேவைப்படுற சாமான்தான், தப்பு சொல்லல. ஆனா அந்த லிஸ்ட்டை எழுதுறவங்க யாராவது அதையெல்லாம் நிஜமாவே ஒரு பையில போட்டு, முதுகுல மாட்டி, கரண்ட் இல்லாத ராத்திரியில கையில ஒரு குழந்தையோட நாலு மாடி இறங்கிப் பார்த்திருப்பாங்களான்னு எனக்கு பெரிய சந்தேகம் இருக்கு. அதனாலதான் இந்த லெட்டர்.

தண்ணியை மட்டும் எடுத்துக்குவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, கொஞ்சம் கழுவ எல்லாம் சேர்த்து சுமார் 4 லிட்டர், மூணு நாளைக்கு வைங்கன்னு பொதுவா சொல்றாங்க. நாலு பேர் குடும்பம்னா 48 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அப்போ 48 கிலோ, பாட்டில் எடை தனி. இதை யார் தூக்குறது? இதுல சாப்பாடு, துணி, போர்வை இன்னும் சேரவே இல்ல. லிஸ்ட்டை நம்பி பையை ரொப்பினவங்க கடைசி நேரத்துல பையையே விட்டுட்டுதான் ஓடணும்.

இந்தக் குழப்பம் எங்க வருதுன்னா, ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா கட்டிடுறாங்க. வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு மூணு நாள் கரண்ட் இல்லாம தண்ணி இல்லாம இருக்குறது ஒண்ணு, பத்து நிமிஷத்துல வீட்டை விட்டுக் கிளம்புறது இன்னொண்ணு. முதல் கேஸுக்குத்தான் அந்த 48 லிட்டர், அது வீட்டுல ஒரு மூலையில பெரிய கேன்ல இருந்துட்டுப் போகட்டும், யாரும் தூக்க வேண்டியதில்ல. ரெண்டாவதுக்கு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு லிட்டரும், போற இடத்துல கிடைக்கிற தண்ணியை சுத்தம் பண்ணிக்க ஒரு வழியும் இருந்தா போதும். பையோட மொத்த எடை தூக்குறவர் உடம்பு எடையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுங்கறது என்னோட கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ. ஜிம்முக்குப் போறவர் இதைவிட அதிகமா தூக்கலாம், ஆனா நாம பையை கட்டுறது வீட்டுல இருக்குறதுலயே பலம் குறைஞ்சவரையும் மனசுல வச்சுதான். பெரிய பை ஒண்ணைவிட ஆளுக்கு ஒரு சின்ன பை நல்லது, கூட்டத்துல பிரிஞ்சு போயிட்டாலும் அவங்கவங்க சாமான் அவங்கவங்க கிட்ட இருக்கும்.

சரி, ஆறு கிலோதான்னா எதை முதல்ல வைக்கிறது? நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இதை வேற யாராவது கொண்டு வந்து எனக்குக் கொடுக்க முடியுமா? சாப்பாடு, தண்ணி, போர்வை, பழைய துணி எல்லாம் முன்னே பின்னே ஆனாலும் நிவாரண முகாமுக்கு வந்து சேரும். ஆனா உங்க கண்ணுக்கு சரியான பவர் உள்ள கண்ணாடியை எந்த முகாம்லயும் விநியோகம் பண்ண மாட்டாங்க. நீங்க தினமும் போடுற பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை அதே டோஸ்ல அங்க இருக்கும்னு சொல்ல முடியாது. இந்த மாதிரி சாமான்தான் பையில அடியில இல்ல, மேல இருக்கணும். வேடிக்கை என்னன்னா எடை பார்த்தா இதெல்லாம் சேர்ந்து அரை கிலோ கூட வராது.

மருந்து விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும். குறைஞ்சது ஒரு வாரத்துக்கு உள்ள மாத்திரையை எடுத்து வைங்க, அட்டையைக் கத்தரிச்சு வைக்காதீங்க, கத்தரிச்சா பேரும் எக்ஸ்பைரி தேதியும் பாதியில போயிடும், அப்புறம் எது எந்த மாத்திரைன்னு டாக்டருக்கே தெரியாது. டப்பால கொட்டி வைக்கிறதும் அதே கதைதான். மருந்துச் சீட்டு ஜெராக்ஸ் ஒண்ணு கூடவே இருக்கணும், அதுல கம்பெனி வச்ச பேர் மட்டும் இல்லாம உள்ள இருக்குற மருந்தோட பேரையும் மில்லிகிராமையும் எழுதி வைங்க, ஏன்னா ஊருக்கு ஊர் கம்பெனி பேர் மாறும், மருந்து பேர் மாறாது. இன்சுலின் போடுறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும். பெரும்பாலான இன்சுலின் திறந்தப்புறம் 30 டிகிரிக்குக் கீழ இருந்தா சுமார் நாலு வாரம் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும், அவங்கவங்க பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு இன்னைக்கே பார்த்து வச்சுக்கணும். அதனால கரண்ட் போச்சேன்னு பதறிப்போய் ஐஸ் கட்டி மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சு போன இன்சுலின் அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்ல. ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு துண்டாவது இருக்கட்டும். இந்த வகை மருந்தை மாசக்கணக்கா பைக்குள்ள போட்டு வைக்க முடியாது, அதனால பை மேல ஒரு சீட்டு ஒட்டி 'ஃபிரிட்ஜ்ல இருக்குற ஊசி மருந்தை எடு'ன்னு பெரிசா எழுதிடுங்க. பதட்டத்துல மண்டை வேலை செய்யாது, சீட்டு வேலை செய்யும்.

கண்ணாடிக்கு காசு செலவு பண்ண வேண்டாம், பவர் மாறினப்போ கழட்டிப் போட்ட பழைய ஜோடி டிராயர்ல தூங்கிட்டிருக்கும், அதை எடுத்து வைங்க, கொஞ்சம் மங்கலா தெரிஞ்சாலும் ஒண்ணும் தெரியாம இருக்குறதுக்கு எவ்வளவோ தேவலாம். காது மெஷின் போடுறவங்க பேட்டரி பாக்கெட்டை பிரிக்காம வைக்கணும், அந்த சின்ன பேட்டரி மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரை உரிச்சுட்டா யூஸ் பண்ணாமலே அது தீர ஆரம்பிச்சுடும்.

அடுத்து பேப்பர். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், பேங்க் விவரம், இன்சூரன்ஸ், படிப்பு சர்டிஃபிகேட், எல்லாத்துக்கும் நகல் எடுத்து ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு அதை இன்னொரு கவர்ல போடுங்க. போன்ல ஃபோட்டோ இருக்கே, கிளவுட்ல இருக்கேன்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கட்டும், ஆனா சார்ஜும் நெட்வொர்க்கும் இல்லாத இடத்துல கிளவுட் எங்கயோ மேல மிதந்துட்டுதான் இருக்கும். பென்டிரைவ்ல போட்டா பாஸ்வேர்ட் போட்டு வைங்க, தொலைஞ்சா வேற தலைவலி. குடும்பத்தோட எல்லாரும் சேர்ந்த சமீபத்து ஃபோட்டோ ஒண்ணு பிரிண்ட் போட்டு வைக்கணும், யாராவது காணாம போனா 'இவரைப் பார்த்தீங்களா'ன்னு காட்ட அது ஒண்ணுதான் உதவும்.

போன் நம்பர் எத்தனை பேருக்கு மனப்பாடமா தெரியும்? நம்மள்ல பாதி பேருக்கு வீட்டுக்காரர் நம்பரே தெரியாது. அஞ்சாறு நம்பரை காகிதத்துல எழுதி ஒவ்வொருத்தர் பையிலயும் வைங்க, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்குறவர் நம்பரா இருக்கணும். பாதிச்ச ஊருக்குள்ள லைன் எல்லாம் ஒரே நேரத்துல நெரிஞ்சு கிடக்கும்போது வெளியூருக்கு சில சமயம் கிடைக்கும், எல்லாரும் அந்த ஒருத்தருக்குத் தகவல் சொன்னா அவர் மத்தவங்களுக்கு சொல்லுவார். கால் போகலேன்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க, அது சின்ன சைஸ், இடைவெளி கிடைச்சப்போ நுழைஞ்சு போயிடும். பவர் பேங்க்ல 10,000 எம்ஏஎச்னு போட்டிருந்தாலும் அதுல கணிசமான பங்கு போனுக்குள்ள போறதுக்குள்ளயே வீணாகும், இப்ப வர்ற போனுக்கு ஒண்ணரை தடவை சார்ஜ் ஆனா பெரிசு. சும்மா கிடந்தாலும் மெதுவா இறங்கும், அதனால மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்து ஏத்தி வைங்க. கொஞ்சம் சில்லறை நோட்டா பணமும் வேணும், கரண்ட் இல்லாத ஊர்ல கார்டு வெறும் பிளாஸ்டிக்தான்.

தண்ணி சுத்தம் பண்றதுக்கு வர்றேன். கொதிக்க வைக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட், நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும், ரொம்ப உயரமான மலைப் பகுதின்னா மூணு நிமிஷம். அடுப்பு இல்லேன்னா குளோரின் மாத்திரை, ஒரு அட்டை வைக்க இடமே வேண்டாம், கலங்கலா இருந்தா முதல்ல துணியில வடிகட்டி, அட்டையில போட்ட அளவுல மாத்திரை போட்டு, அதுல சொன்ன நேரம் காத்திருக்கணும், பெரும்பாலும் அரை மணி நேரம். அவசரப்பட்டு அஞ்சு நிமிஷத்துல குடிச்சா மாத்திரை போட்டதுக்கே அர்த்தம் இல்ல. ஆனா ஒண்ணு, பெட்ரோல், பூச்சி மருந்து கலந்த வெள்ளத் தண்ணியை கொதிக்க வச்சாலும் மாத்திரை போட்டாலும் அந்த விஷம் போகாது, அந்தத் தண்ணிப் பக்கமே போகாதீங்க. வயித்துப்போக்கு வந்தா தண்ணியில கலந்து குடிக்கிற ஓஆர்எஸ் பொடி பாக்கெட் நாலஞ்சு போட்டுக்கோங்க, அது இல்லேன்னா சுத்தமான ஒரு லிட்டர் தண்ணிக்கு தட்டையா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக்கூடாது, குழந்தைங்களுக்கு அது ஆபத்து.

சாப்பாட்டைப் பத்தி பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல. சமைக்க வேண்டாததா, உப்பு கம்மியா, குழந்தைங்க ஏற்கனவே சாப்பிட்டுப் பழகினதா இருக்கணும், அவ்வளவுதான். லிஸ்ட்ல வர்ற கோடாரி, முப்பது வேலை செய்யுற கத்தி, இதையெல்லாம் நான் வைக்க மாட்டேன், அதோட எடைக்கு ரெண்டு பாக்கெட் நாப்கின் வைக்கலாம், மாதவிடாய்க்கு ஆச்சு, ரத்தம் வர்ற காயத்துல வச்சு அழுத்தவும் ஆச்சு.

விசில் ஒண்ணு வைங்க, பத்து கிராம் கூட இருக்காது. இடிபாட்டுக்குள்ள கத்திக் கத்தி தொண்டை வறண்டு தூசியையும் இழுத்துக்குறதைவிட மூணு மூணா விசில் அடிக்கறது எவ்வளவோ மேல், மூணு தடவைங்கறது பல நாடுகள்ல ஆபத்துக்கான சிக்னல். வெளிச்சத்துக்கு தலையில மாட்டுற லைட் வாங்குங்க, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். பேட்டரியை லைட்டுக்குள்ளயே போட்டு வச்சா மாசக்கணக்குல கசிஞ்சு லைட்டையே கெடுத்துடும், தனியா வைங்க. மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம், நிலநடுக்கத்துக்கப்புறம் எங்க கேஸ் கசியுதுன்னு யாருக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்துல மூடின ஷூ ஒரு ஜோடி இருக்கட்டும், ராத்திரியில நிலம் ஆடினா தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, வெறும் கால்ல நாலு எட்டு வச்சா அதுக்கு மேல நடக்கவே முடியாது.

வளர்ப்புப் பிராணி இருக்குறவங்க அதுக்கும் கயிறு, கொஞ்சம் தீனி, தடுப்பூசிச் சீட்டு வைக்கணும். இதைக் கேட்டு சிரிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், அமெரிக்காவுல 2005 கத்ரீனா புயலப்போ நாயையும் பூனையையும் விட்டுட்டு வர மனசில்லாம எத்தனையோ பேர் வீட்டை விட்டே கிளம்பல, அடுத்த வருஷமே வெளியேற்றத் திட்டத்துல பிராணிகளையும் சேர்க்கணும்னு அங்க சட்டம் போட்டாங்க.

இவ்வளவு சொன்னப்புறம் இதையும் சொல்லணும், சில நேரத்துல பையைத் தேடவே கூடாது. புயல்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே தெரியும், நிலநடுக்கத்துக்கு நேரமே கிடையாது, சுனாமி ரெண்டுக்கும் நடுவுல. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவுக்குப் பக்கத்துல கடலுக்கடியில நிலம் பிளந்தப்போ இலங்கைக் கரைக்கு அலை வந்து சேர சுமார் ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஆனா பக்கத்துலயே இருந்த இந்தோனேசியாவோட ஆச்சே மாகாணக் கரைக்கு அரை மணி நேரம் கூட ஆகல. கடலோரத்துல இருக்கும்போது நிலம் பலமா, ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா அந்த ஆட்டம்தான் எச்சரிக்கை, பை கையில இருந்தா எடுங்க, மாடியில இருந்தா விட்டுடுங்க, மேடான இடத்துக்கு ஓடுங்க, வெளிய வந்தப்புறம் திரும்பி உள்ள போகாதீங்க. அதனாலதான் பையை பரண்ல வைக்காம வாசல் கதவுப் பக்கத்துல வைக்கணும்னு சொல்றது. ஆறு மாசத்துக்கு ஒருதரம் பிரிச்சும் பார்க்கணும், குழந்தை வளர்ந்திருக்கும், சட்டை பத்தாது, மாத்திரை தேதி முடிஞ்சிருக்கும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு கோரிக்கை. அடுத்த தடவை அந்த இருபது ஐட்டம் லிஸ்ட்டுக்குப் பதிலா, கத்தரிச்சு எடுத்துக்குற மாதிரி ஒரு படிவம் போடுங்களேன். பேர், ரத்த வகை, அலர்ஜி, என்ன நோய், என்ன மருந்து எத்தனை மில்லிகிராம், வெளியூர் ஆளோட நம்பர், வீட்டுல பிரிஞ்சு போயிட்டா எங்க வந்து சேரணும்னு நிரப்ப கோடு போட்டு ஒரு அரைப் பக்கம். எழுத்து மட்டும் பெரிசா இருக்கட்டும், கண்ணாடி இல்லாதவரும் படிக்கிற அளவுக்கு.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு வாசகர்