பேரன் மடிக்கப்போகும் காகித பர்ஸ்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். பேரனுக்கு இந்த மாதம் முதல் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பதாகவும், சிறு வயதில் நான் உனக்குச் செய்து தந்ததைப் போன்ற காகித பர்ஸ் ஒன்றைத் தன் கையாலேயே செய்ய அவன் ஆசைப்படுவதாகவும் நீ சொன்னது முதல் எனக்கு இதே நினைவாக இருக்கிறது. தொலைபேசியில் மடிப்பைச் சொன்னால் எந்த ஓரம் மேலே, எந்த ஓரம் கீழே என்று குழம்பிப்போகும் என்பதால், அவன் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே செய்யும்படி எழுதுகிறேன். சிவகாசியில் பைண்டிங் வேலையிலேயே காலம் கழித்தவன் எழுதும் கடிதம் என்பதால் தாளைப் பற்றிய பேச்சு சற்று நீளும். அதைத் தாண்டிப் போகாமல் அவனுக்கும் வாசித்துக் காட்டு.

பிரிண்டருக்காக நீ வாங்கி வைத்திருக்கும் ஏ4 தாளில் முதலில் பழகட்டும். அதன் நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைத்தான் அதன் கட்டின் மேல் 80 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆவதால், அவன் மடிக்கப்போகும் பர்ஸின் எடை மொத்தமே 5 கிராம்தான் என்று சொன்னால் மகிழ்வான். ஆனால் நாள்தோறும் சட்டைப் பையில் ஏறி இறங்குகிற பர்ஸுக்கு அந்தத் தாள் தாங்காது. கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு தாள் செய்கிறது; மரத்தைச் சார்ந்திருப்பதைக் குறைக்கிற அந்த வேலையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, எழுதவும் அச்சிடவும் அது அருமையான தாள். இருந்தாலும் கரும்புச் சக்கையின் நார், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நாரைவிடக் குட்டையானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிபடுவதற்கு நீண்ட நார் உள்ள தாளே உழைக்கும். பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட வாங்கும் பிரவுன் ஷீட் அப்படிப்பட்டது. அதிலும் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதை வாங்கிவிடாதே. அதில் மடிப்பு நிற்காமல் எழும்பிக்கொள்ளும், பசையும் ஒட்டாது. ஒரு பக்கம் மினுமினுப்பாகவும் மறு பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும் சாதாரண பிரவுன் ஷீட் போதும்.

படம் போட்ட பழைய மாதக் காலண்டர் தாளில் செய்யலாமா என்று அவன் கேட்கக்கூடும். செய்யலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்பு மேலே பூசிய வெள்ளைப் பூச்சினால் வருவது. மடிக்கும் இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். ஆசைப்பட்டால் இரண்டாவது பர்ஸை அதில் செய்யட்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஆலையில் தாள் ஓடிவரும்போது நார்கள் பெரும்பாலும் அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு தாளிலும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதை ஒட்டி மடித்தால் மடிப்பு நேராகவும் சுலபமாகவும் விழும், குறுக்கே மடித்தால் நார் முறிந்து விளிம்பு பிசிறடிக்கும், சில வாரங்களில் அங்கேயே கிழியும். காகித பர்ஸ்கள் சீக்கிரம் பாழாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திசையைக் கண்டுபிடிப்பது எளிது. ஷீட்டின் ஓரத்திலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, எந்தப் பக்கம் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் ஒரு முகத்தை மட்டும் ஈர விரலால் தடவச் சொல். நார் ஈரத்தில் நீளுவதைவிடப் பருமனாகத்தான் அதிகம் ஊறும். அதனால் துண்டு குழல் போலச் சுருளும், அந்தக் குழலின் நீளம் எந்தப் பக்கமோ அதுவே நாரின் திசை. பேரன் இதைத் தன் கண்ணால் பார்க்கட்டும்; நீ முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடாதே.

பர்ஸில் ஓயாமல் திறந்து மூடும் இடம் நடு முதுகு. ஆகவே நார் அந்த முதுகின் போக்கில் ஓட வேண்டும், அதாவது 29.7 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர் அளவில் பிரவுன் ஷீட்டை வெட்டும்போது 21 சென்டிமீட்டர் பக்கம் நாரின் திசையில் இருக்க வேண்டும். பிரிண்டர் தாளில் வழக்கமாக நார் நீளப்போக்கில் ஓடுவதால் இது நேர்மாறாக அமையும். அதில் செய்யும் பர்ஸைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டிய தாளின் மினுமினுப்பான முகம் மேலே தெரியும்படியும், நீளப் பக்கம் தன்னை நோக்கியும் இருக்குமாறு மேசையில் வைக்கட்டும். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்நோக்கி மடித்து, மெல்லிய பசைக் கோடு இழுத்து ஒட்ட வேண்டும். இந்தப் பட்டிகள் பர்ஸின் வாயைக் கெட்டிப்படுத்துகின்றன. இந்த மினுமினுப்பான முகம்தான் பர்ஸின் வெளிமுகமாகப் போகிறது, பட்டிகள் அதில்தான் இருக்க வேண்டும். உள்முகத்தில் இருந்தால், நோட்டை உருவும்போது அதன் ஓரம் பட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிழியும். எந்த மடிப்பானாலும், மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கோடு இழுத்துக்கொள்வதும், மடித்த பின் நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கிக் கரண்டியின் முதுகால் தேய்ப்பதும் நல்ல பழக்கம். நகத்தால் தேய்த்தால் பளபளவென்று தடம் விழும்.

இப்போது தாளைத் திருப்பிப் போட்டால் சொரசொரப்பான முகம் மேலே வரும், உயரம் 16 சென்டிமீட்டர் இருக்கும். கீழ்ப் பாதியை மேலே கொண்டுவந்து மடிக்க வேண்டும். விளிம்புகள் சரியாகச் சேராமல், முன்பக்க விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். அந்தச் சிறு இறக்கம் இருந்தால்தான் கட்டை விரல் வாயைத் தேடாமல் திறக்கும். அடுத்து இடது முனையையும் வலது முனையையும், முன்பக்கத்தின் மேல் படும்படி, 6.2 சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே மடிக்க வேண்டும். நடுவில் 17.3 சென்டிமீட்டர் எஞ்சும். ஏன் இந்த அளவுகள் என்று அவன் கேட்டால் ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்து அளக்கச் சொல்: 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் உயரம். புதிய 10 ரூபாய் நோட்டு 123 மில்லிமீட்டருக்கு 63 மில்லிமீட்டர். மதிப்பு கூடக் கூட நோட்டின் நீளமும் கூடுவது பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து அறிய உதவுகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடு. ஏடிஎம் அட்டை எந்த நாட்டில் கொடுத்ததானாலும் 85.6 மில்லிமீட்டருக்கு 54 மில்லிமீட்டர்தான். பிவிசி ஆதார் அட்டையும் ஏறக்குறைய அதே அளவு. மடித்த இரு முனைகளும் இரட்டைத் தாளாக, மேலே வாய் திறந்து இருப்பதால், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை நெட்டுக்குத்தாக நிற்கும். தலைப்பகுதி அரை சென்டிமீட்டர் வெளியே தெரிவதால் பிடித்து உருவ வசதியாக இருக்கும். ஆக, உள்ளே என்ன வைக்கப்போகிறோமோ அதை அளந்துதான் தாளை மடிக்கிறோம். இதை அவன் புரிந்துகொண்டால், பள்ளி அடையாள அட்டை சற்றுப் பெரிதாக இருந்தாலும் அளவைத் தானே மாற்றிக்கொள்வான்.

கடைசியாக முதுகு. கனமான புத்தகத்துக்கு முதுகு விடுவது போல, நடுவில் ஒரே மடிப்பாக மடிக்காமல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு மடிக்கச் சொல். பர்ஸை மூடும்போது எட்டுத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, பட்டி உள்ள இடத்தில் பதினாறு. உள்ளே நோட்டும் அட்டையும் வேறு சேரும். ஒற்றை மடிப்பு அத்தனை கனத்தையும் வாங்கிக்கொள்ள முடியாமல் பிளந்துவிடும். இரண்டு பக்கத்து மடிப்புகளின் உள் கீழ்மூலையில் ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டால் அவை விரியாமல் இருப்பதோடு, பின்னால் பஸ் டிக்கெட் செருக ஓர் இடமும் கிடைக்கும்.

பசைக்கு ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சினால் போதும். பைண்டிங் கூடங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்போம். அது நஞ்சு, குழந்தை புழங்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சிறிது சிறிதாகக் காய்ச்சிக்கொண்டு மீதியைக் கொட்டிவிடு.

இந்த பர்ஸில் நாணயங்கள் வைக்கக் கூடாது. கனம் ஒரே மூலையில் இறங்கி அடி மடிப்பை அறுத்துவிடும். அவற்றுக்கு ஒரு சிறிய டப்பா கொடு. நோட்டுகளை முடிந்தவரை மடிக்காமல் நீளமாக வைக்கப் பழக்கு. நம் நோட்டு பருத்தி இழையால் ஆன தாள், பர்ஸைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனாலும் மடிக்காமல் வைத்தால் எண்ணுவது எளிது. கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதையே பார்த்து வளர்கிற பிள்ளை அவன். கையில் இருந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று தானே நோட்டை விரித்துப் பார்ப்பது இந்த வயதில் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால்தான் அவன் பர்ஸ் செய்யப்போவதை விளையாட்டு என்று தள்ளிவிடாமல் இத்தனை பக்கம் எழுதினேன்.

மடிப்பு கோணலாகப் போனால் நீ வாங்கிச் சரிசெய்யாதே. ஒருமுறை விழுந்த மடிப்பின் தடம் தாளில் அப்படியே தங்கிவிடும்; புதுத் தாளைக் கொடுத்து, முதலிலிருந்து அளக்கச் சொல். முதுகு தேயத் தொடங்கியதும் உள்பக்கம் ஒரு மெல்லிய துணி நாடாவை ஒட்டினால் இன்னும் சில மாதங்கள் ஓடும். அதற்கு மேல் தாங்காதபோது பர்ஸைத் தூக்கி எறியாமல், ஒட்டியவற்றை ஈரத்துணியால் நனைத்துப் பிரித்து, உலரவிட்டு விரித்துப்போடுங்கள். புதுத் தாளின் மேல் அதைப் பரப்பி, கோடுகளின் முனைகளில் குண்டூசியால் குத்திக்கொண்டால் அடுத்த பர்ஸுக்கு ஸ்கேலே வேண்டியிருக்காது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அங்கே பூச்சில்லாத பிரவுன் ஷீட் கிடைக்காவிட்டால் எழுது, இங்கிருந்து சுருட்டி கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா