பீலித் தொட்டியும் சுருங்கிய கொலனியும்

அட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பதுளைக்கே இடமாற்றம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலித் தொட்டியில் குளோரின் போட்டும் சுவரில் வழுவழுப்பு போகவில்லை என்று எழுதியிருந்தாய். அதில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் கொலராக் கிருமியில் கண்டறிந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துவந்த நம் ஆட்களில் எத்தனையோ பேரை வழியிலேயே சாய்த்த கிருமி அது.

கிருமி வளர்க்கும் ஏகார் கூழ்த் தட்டில் வளர்த்தால் அதன் கொலனி, அதாவது ஒன்றாகப் பெருகிய கிருமிக் கூட்டம், சாதாரணமாக வழவழவென்று வட்டமாக இருக்கும். சில வேளை அதே வகையிலிருந்து, ஆறிய பாலின் ஆடைபோல மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய கொலனியும் முளைக்கும். புரூஸ் வைட் 1938லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் விபிஎஸ் என்ற ஒட்டும் மாச்சத்து. கிருமிகளைச் சேர்த்துக் கட்டி உயிர்ப்படலமாக்குவதும் அதுதான். 1999இல் யில்டிஸும் ஸ்கூல்னிக்கும் அதற்கான பரம்பரையலகுகளை (ஜீன்களை) கண்டுபிடித்தார்கள். சுருங்கிய வகை குளோரினையும் நன்றாகத் தாங்கும் என்று அப்போதே காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது, அதை இயக்குகிற விதம். செல்லுக்குள் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடினால், விபிஎஸ்ஆர், விபிஎஸ்டி என்ற இரண்டு புரதங்களும் அந்தப் பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். ஹேப்ஆர் என்ற இன்னொரு புரதம் அவற்றை அடக்கும். கூட்டம் பெருகியதும் கிருமிகள் தங்களுக்குள் விடும் இரசாயனச் சைகையால் ஹேப்ஆர் கூடுகிறது, படலம் கட்டுவது நிற்கிறது. கூட்டம் சேர்ந்தால்தான் படலம் கட்டும் என்று நாம் நினைப்போம், இது நேர்மாறு. குடலில் பெருகி முடிந்ததும் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியேறி அடுத்த ஆளைத் தேட அதற்கு வசதி. ஹேப்ஆர் பழுதான வகைகளில் இந்தத் தடை இல்லை, படலம் தடிப்பாக வளரும். 2000ஆம் ஆண்டில் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட கொலரா வகையிலும் ஹேப்ஆர் பரம்பரையலகு பழுதுதான்! உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் இமைக்காமல் கேட்கிறார்கள்.

உன் தொட்டிச் சுவர் வழுவழுப்பும் இப்படி ஒரு கிருமிப் படலமாக இருக்கலாம். அதனால் மச்சான், முதலில் தொட்டியை வடித்து, சுவரைத் தும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல். அதற்குப் பிறகு குளோரின் போடட்டும். வழுவழுப்புக்கு மேலேயே ஊற்றினால் மருந்துதான் வீணாகும். குடிக்கிற தண்ணீரை அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள், பிள்ளைகளுக்கு முக்கியமாக.

மகளின் புது விலாசத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்