ரேஸ் சக்கரம்: கிராமை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது அடுத்த ஊர் மலை. இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் கடையில் முதலில் கேட்பது, "இந்த வீல் எத்தனை கிராம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான்காவதாகக் கேட்க வேண்டியது. அதை முதலில் கேட்பதால் பெரிய தொகை வீணாகிறது, பாறையில் ரிம் உடைகிறது. உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, வண்டியில் பொருந்துமா என்பது. இப்போதைய 29 அங்குல வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 15×110, பின்னால் 12×148 மி.மீ. ஆக்சில் (அச்சின் தடிமன் × ஹப் என்னும் நடுக்குடத்தின் அகலம்). கொஞ்சம் பழைய வண்டியென்றால் 15×100, 12×142. நெம்புகோல் போட்டு இறுக்கும் பழைய வகையில் முன்னால் 100, பின்னால் 135. அடுத்து கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) ஏறும் ஃப்ரீஹப்: ஷிமானோ எச்ஜி, ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராம் எக்ஸ்டி மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. டிஸ்க் பிரேக்கின் தட்டு (ரோட்டர்) ஆறு போல்ட் வகையா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக்கா என்றும் பார்க்க வேண்டும். ஆக்சிலோ ஃப்ரீஹப்போ சேராவிட்டால் சக்கரம் சுவரில்தான் தொங்கும்.

இரண்டாவது ரிம்மின் உள் அகலம். 2.25 அங்குல டயருக்கு 25 மி.மீ., 2.35, 2.4 அங்குல டயருக்கு 28 முதல் 30 மி.மீ. சரியாக இருக்கும். குறுகிய ரிம்மில் பெரிய டயரைப் போட்டுக் காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் நெளியும், டியூப்லெஸ் என்றால் ஓரத்தில் காற்றும் கக்கும். மிக அகலமான ரிம்மில் சின்ன டயரைப் போட்டால் அதன் பக்கச் சுவர் வெளியே பிதுங்கிக் கல்லுக்கு நேராக நிற்கும்.

மூன்றாவது ஸ்போக்ஸ். இங்கேதான் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. தடித்த கம்பிதான் பலமானது என்று நினைக்கிறார்கள். ஸ்போக்ஸ் பெரும்பாலும் ஒரே அடியில் அறுந்துபோவதில்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகள் இழுவை தளர்ந்து, மறுபடி இறுகுகின்றன. இழுவை போதாத கம்பி அந்த நேரத்தில் முழுக்கத் தொய்ந்துவிடும். தொய்வும் இறுக்கமும் மாறி மாறி வந்து, ஹப் ஓட்டையில் மாட்டியிருக்கும் முழங்கை வளைவில் உலோகம் களைத்து அறுந்துபோகிறது. நடுவில் மெலிந்த கம்பி (இரு முனையிலும் 2.0, நடுவில் 1.5 அல்லது 1.8 மி.மீ.) ரப்பர் போலச் சற்று நீண்டு கொடுக்கும். அதனால் அவ்வளவு சீக்கிரம் தொய்யாது, சுமையையும் பக்கத்துக் கம்பிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே எடையைக் குறைக்க முதல் இடம் இதுதான், ஆயுளும் கூடுகிறது. 28 கம்பி வீதம் இரண்டு சக்கரத்துக்கும் 56 கம்பி. முழு நீளமும் 2.0 மி.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 400 கிராம், 2.0/1.5 என்றால் 275 கிராம். செயின் பக்கத்துப் பின்சக்கரக் கம்பிகள் மட்டும் 2.0/1.8 ஆக இருப்பது நல்லது. மிதிக்கும் பலமும் அதிக இழுவையும் அங்கேதான் விழுகின்றன.

அறுபது கிலோ இருக்கும் பிள்ளைக்கு 28 கம்பி போதும். எண்பது கிலோவைத் தொடுபவர் பின்னால் 32 போட்டுக்கொள்ளட்டும். கூடுதல் நாலு கம்பிக்கும் அவற்றை ரிம்மில் இறுக்கும் நிப்பிளுக்கும் சேர்த்து 25 கிராம் சொச்சம்தான்.

இப்போது கிராம் கணக்கு. ஒன்று 420 கிராம் வீதம் இரண்டு அலுமினிய ரிம் 840, ஹப் ஜோடி 420, கம்பிகள் 290 (பின்சக்கரத்தில் செயின் பக்கம் மட்டும் 2.0/1.8, மற்றவை 2.0/1.5), பித்தளை நிப்பிள் 56. கூட்டினால் 1,600 கிராம் சொச்சம். வண்டியோடு வரும் சக்கரங்கள் பல இரண்டு கிலோவைத் தாண்டும் என்பதால், கார்பன் இல்லாமலேயே 400 கிராம் குறைகிறது. ரிம்மிலும் டயரிலும் குறையும் கிராமுக்கு மதிப்பு அதிகம். வளைவிலிருந்து வேகமெடுக்கும்போது விளிம்பில் இருக்கும் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கணக்காகும். ஒரே சீராக ஏறும் மேட்டில் அப்படியில்லை. அங்கே ரிம்மின் 100 கிராமும் பாட்டில் தண்ணீரின் 100 கிராமும் ஒன்றுதான்.

நிப்பிளில் மட்டும் கை வைக்க வேண்டாம். அலுமினிய நிப்பிள் போட்டால் 40 கிராம் வரை மிச்சம்தான். ஆனால் நிப்பிள் ஓட்டைகளை மூடும் ரிம் டேப் வழியே டியூப்லெஸ் திரவம் (பஞ்சர் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்க டயருக்குள் ஊற்றுவது) கசிந்தால் அதை அரிக்கும். கார்பன் ரிம்மோடு ஈரத்தில் ஒட்டியிருந்தாலும் அரிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக் காற்று ஊர்களில் சொல்லவே வேண்டாம். கோட்டம் எடுக்கச் சாவியை வைத்தால் தலை நொறுங்கிக் கையோடு வரும். பித்தளையே போடுங்கள்.

அலுமினிய ஃப்ரீஹப்பில் இன்னொரு தொல்லை உண்டு. தனித்தனிப் பல்சக்கரங்களாக ஏறும் எச்ஜி கேசட், மிதிக்கும் அழுத்தத்தில் ஃப்ரீஹப்பின் வரிகளில் கத்தி இறங்கியதுபோல் பள்ளம் போட்டுவிடும். பிறகு கேசட் கழலாது. வரியில் எஃகுத் துண்டு பதித்த ஃப்ரீஹப்போ, பெரிய பற்கள் ஒரே சட்டத்தில் இணைந்த கேசட்டோ இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

சக்கரத்தின் பலத்தில் பெரும்பங்கு கட்டும் கையில் இருக்கிறது. பின்சக்கரத்தில் செயின் பக்கம் 110 முதல் 120 கிலோ இழுவை, ரிம் தயாரிப்பாளர் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். மறுபக்கம் இதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அது தவிர்க்க முடியாதது. ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. கருவி இல்லாதவர்கள் விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் 'டப்' என்று மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. ரிம் கோணாமல் ஓடுவதை மட்டும் பார்த்துச் சக்கரம் வாங்கக் கூடாது. இழுவை ஏறுமாறாக இருந்தாலும் ரிம்மை நேராக ஓட வைத்துவிட முடியும்; நாலு ரேஸில் அது பல்லைக் காட்டிவிடும். கட்டி முடித்ததும் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் வைத்து அழுத்தமாகப் பிழிந்துவிட்டு, மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் ஓட்டத்திலேயே 'டிக் டிக்' என்று கம்பி முறுக்கு அவிழ்ந்து சக்கரம் கோணும்.

கார்பன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கார்பன் ஜோடி 1,300 கிராமுக்கே கிடைக்கிறது, வளைவில் விறைப்பாகவும் நிற்கும். ஆனால் கல்லில் மோதினால் அலுமினிய ரிம்மின் உதடு நசுங்கும். பல சமயம் நிமிர்த்தி ரேஸை முடித்துவிடலாம். கார்பன் விரிசல் விட்டால் அன்றோடு சரி. மாற்று ரிம் தரும் உத்தரவாதம் எழுத்தில் இல்லாத மலிவுக் கார்பனை விட, கையால் கட்டிய அலுமினிய ஜோடி எவ்வளவோ மேல்.

டயரில் மிச்சம் பிடிப்பதுதான் ஆகப் பெரிய தவறு. பாரிஸ் ஒலிம்பிக் மவுண்டன் பைக் போட்டியில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கு நடு ரேஸில் முன் டயர் பஞ்சரானது. சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இழந்து, பிறகு துரத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். அவருக்கு மாற்றுச் சக்கரம் தர ஆள் இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது? ஆகவே பக்கச் சுவர் கெட்டியான டயர், டியூப்லெஸ், சக்கரத்துக்கு 80 முதல் 100 மில்லி திரவம். 200 கிராம் டியூபைக் கழற்றி இந்தத் திரவத்தை ஊற்றினாலே ஒரு சக்கரத்தில் ஏறக்குறைய 100 கிராம் குறையும். அறுபது கிலோ பிள்ளைக்கு 2.35 டயரில் முன்னால் 19, பின்னால் 21 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கி, ரிம் கல்லில் தட்டினால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காயும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்க வேண்டும்.

பழைய சக்கரம் வாங்குவோர் டேப்பை உரித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அலுமினிய ரிம்மில் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி முடி இழை போல் விரிசல் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். கார்பன் என்றால் உதட்டோரம் முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்கள்; நகம் இடறும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
சக்கரம் கட்டும் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்