உன் சிநேகிதிகளுக்குக் கே.எல். (கோலாலம்பூர்) காட்டுவது பற்றி

அன்புள்ள கயல்,

மெல்பர்னிலிருந்து வருகிற உன் சிநேகிதிகள் இங்கே இரண்டு நாள் இருப்பார்கள், பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு அனுப்புங்கள் என்றாயே, பட்டியல் போனிலேயே கிடைக்கும்மா, எல்லாவற்றிலும் முதலில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம்தான் இருக்கும். அதை இரண்டாம் நாளுக்குத் தள்ளச் சொல், நான் சொல்வது அவ்வளவுதான். 452 மீட்டர் உயரம், எங்கும் ஓடிப்போகாது. அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கோலாலம்பூரை ஏதோ நேற்றுக் கட்டிய ஊர் என்றுதான் நினைக்கிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல்.

முதல் நாள் காலையில் மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கட்டும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனையில் 1909இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. 1857இல் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்டப் போன சீனர்கள் இங்கேதான் படகை விட்டு இறங்கினார்கள், அதற்கு மேல் காட்டுக்குள் நடைதான், அதனால் இங்கே கடைகள் வந்தன, கடைகளைச் சுற்றி ஊர் வந்தது. ஆற்றைப் பார்த்து இவ்வளவுதானா என்பார்கள். இந்தச் சின்ன ஆறுதான் 1971இல் ஊரையே மூழ்கடித்தது. இப்போது மழை மிஞ்சினால் கார் போகும் ஸ்மார்ட் சுரங்கத்தையே மூடிவிட்டு வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிடுகிறார்கள், 2007இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர். எனக்குக் கோபுரத்தைவிட அதுதான் பெரிய வேலை.

அப்புறம் நடை. 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியை இறக்கிய மெர்டேக்கா சதுக்கம், சென்ட்ரல் மார்க்கெட், துன் எச்.எஸ். லீ சாலையில் நம் மாரியம்மன் கோயில். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது என்று சொல்லி வை. எதிரிலேயே சீனர் கோயில், அங்கேயும் நுழையலாம். பக்கத்துத் தெருவிலிருந்து தலையை நிமிர்த்தினால் மெர்டேக்கா 118 கட்டடம் தெரியும், இரட்டைக் கோபுரத்தைவிட இருநூறு மீட்டருக்கு மேல் உயரம், தனியாகத் தேடிப் போக வேண்டாம்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் பிடிவாதமாக நடக்காமல் ஏதாவது ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து ரொட்டி சானாயும் ஆற்றிய பால் டீயான தே தாரேக்கும் சொல்லட்டும். மழை விடும்வரை யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

பத்துமலை முருகன் கோயிலுக்கு மறுநாள் காலை கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில். 272 படி, வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், முழங்கால் மூடிய உடை, கையில் பிளாஸ்டிக் பை கூடாது, குரங்கு பிடுங்கிவிடும். அங்கிருந்து வந்து, சாயங்காலம் கோபுரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டும், சரியா?

விமான நிலையத்துக்கு நான் வர வேண்டுமா, ரயிலில் வந்துவிடுவார்களா? அரை மணி நேரத்தில் சென்ட்ரல் வந்துவிடும், அங்கே நிற்கிறேன். ஒருத்தி சைவம் என்றாயே, முட்டை சாப்பிடுவாளா என்று அம்மா கேட்கிறாள், இன்றைக்கே சொல்.

அப்பா