டொனி கிரேக்கைப் பற்றி நீ கேட்டது

பரந்தன்

அன்புள்ள மச்சான்,

காலபோக அறுவடை போன கிழமைதான் முடிந்தது. முற்றத்தில் இடம் போதாமல் பாதி நெல் றோட்டில் காய்கிறது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோகத்துக்குப் பயமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன்னைத்தான் கேட்டபடி இருக்கிறா.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மேற்கிந்தியரைத் தவழ வைப்பேன் என்று சொன்ன மனுசனை, கிரிக்கெட் வர்ணனையாளர் டொனி கிரேக்கை, நாங்கள் எப்படி அவ்வளவு விரும்பினோம் என்று எழுதியிருந்தாய். நாலு நாளாக வயலுக்குப் போகும்போதெல்லாம் அதே யோசனைதான்.

1996 மார்ச் 17 நினைவிருக்கிறதா? உங்கள் வளவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். பற்றரிக்குத் தடை இருந்த காலம். சுற்றுகிறவன் களைத்தால் குரல் தேய்ந்து போகும், உடனே மற்றவன் மாற வேண்டும். லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம், இலங்கைக்காக அரவிந்த சதம் அடித்தபோது சுற்றியது நீ. இலங்கை அணியின் வெற்றிக்குத் தமிழர் நாங்கள் சந்தோசப்படலாமா என்று அன்றிரவே சண்டையும் பிடித்தோம். அந்த அணியில் இருந்த தமிழன் முரளியின் பெயர் வந்தால் மட்டும் சண்டை இல்லை.

கிரேக்கின் குரல் எங்களிடம் வந்தது 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்து, உங்கள் வீட்டில் ரிவி வந்த பிறகு. அகலமான வெள்ளைத் தொப்பி, ஆறரை அடி உயரம். பிட்ச் வெடிப்புக்குள் கார்த் திறப்பை விட்டு, எவ்வளவு ஆழம் என்று காட்டுவார். இலங்கை விக்கெட் காப்பாளர் களுவிதாரணவை "லிட்டில் கலு" என்பார். மற்றவர்கள் ஆட்டத்தை விளக்கினார்கள். இவர் எங்கள் வேலிக்கரையில் நின்று கத்துகிற ஆள் மாதிரி இருந்தார். பெரிய நாடுகள் கணக்கில் எடுக்காத அணியை மனம் விட்டுப் புகழ்ந்தார். அது எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது.

அதே வாய்தான் 1976இல் இங்கிலாந்து அணித் தலைவராக இருந்து, மேற்கிந்தியரைத் தன் முன் தவழ வைப்பேன் என்று சொன்னது. தென்னாபிரிக்காவில் பிறந்து வளர்ந்த வெள்ளையர், கறுப்பு ஆட்களைப் பார்த்து அதைச் சொல்கிறார். அந்த ஜூனில்தான் தென்னாபிரிக்காவின் சொவெட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டார்கள். அது வாய் தவறி வந்த சொல் என்று நான் ஏற்க மாட்டேன். யாரைப் பார்த்துச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கிந்தியர் 3-0 என்று வென்றார்கள். ஓவல் மைதானத்தில் அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்தார், கிரேக்கின் ஸ்டம்பை இரண்டு இன்னிங்சிலும் தெறிக்க விட்டார். கடைசியில் கிரேக் மேற்கிந்திய ரசிகர்கள் முன்னால் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து காட்டினார்.

அடுத்த வருசம், ஆஸ்திரேலிய ரிவி முதலாளி கெரி பாக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்கு ஆள் சேர்த்துத் தலைமைப் பதவியை இழந்தார். துரோகம் என்றார்கள். எனக்கு அதில் குறையில்லை. விளையாட்டுக்காரனுக்கு ஒழுங்கான கூலி கிடைக்க அது வழி திறந்தது.

இப்போது ஏன் இவ்வளவு எழுதுகிறேன் தெரியுமா? போன சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் மென்பந்துப் போட்டி. எங்கள் வீட்டுச் சின்னவன்தான் நேர்முக வர்ணனை. யூடியூப்பில் கிரேக்கைக் கேட்டுக் கேட்டு அதே ஏற்ற இறக்கத்தில் பேசுகிறான், சனம் கைதட்டுகிறது. திடீரென்று, "வந்த பெடியளை இண்டைக்கு முழங்காலில நிக்க வைப்பம்" என்றான். அந்த அணியில் ஒருவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு மைக் இருந்த பக்கம் பார்த்தான். முழங்காலில் நிற்பதென்றால் என்னவென்று எங்கள் மண்ணில் ஆருக்குச் சொல்ல வேண்டும்?

இரவு அவனுக்கு 1976 கதையைச் சொன்னேன். "அப்ப இனி அவரைக் கேக்கக் கூடாதோ?" என்றான். கேள் என்றேன். அந்தச் சொல்லையும் சேர்த்துக் கேள் என்றேன். அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெடியன் வீட்டுக்குப் போய் வந்தான். என்ன கதைத்தான் என்று நான் கேட்கவில்லை.

2012 டிசம்பரில் கிரேக் இறந்த செய்தி வந்ததும் நீ எனக்குப் போன் எடுத்து அழுதாயே, அதற்கு வெட்கப்படாதே மச்சான். நானும்தான் அழுதேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவாய் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறா. வந்தால் ஒரு சனிக்கிழமை நின்று, சின்னவனின் வர்ணனையைக் கேட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
உன் நண்பன்