வாங்குவது கடைசி வேலை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் உன் தோள் உயரத்துக்கு வந்துவிட்டார்கள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

ஹாலையும் பிள்ளைகள் அறையையும் அதிகச் செலவில்லாமல் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதிய பட்டியலில் சோபா உறை, சுவர் ஸ்டிக்கர், அலங்கார விளக்கு, செயற்கைச் செடி எல்லாம் மேலே இருக்கின்றன. சுவரைச் சரிசெய்வது கடைசி வரியில் கிடக்கிறது. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பு. ஓர் அறை பழசாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்று: சாமான்கள் நிற்கும் இடம், விளக்கு வெளிச்சம், கை படும் உயரத்தில் சுவரின் அழுக்கு. இவற்றை விட்டுவிட்டு என்ன வாங்கி வைத்தாலும் ஒரு வாரத்துக்குமேல் புதுசாகத் தெரியாது.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஹாலிலிருந்து சின்னச் சாமான்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடு. சோபா, மேஜை போன்ற பெரியவற்றை மட்டும் வைத்து இடம் பார். ஆள் நடக்கும் வழி இரண்டரை அடியாவது இருக்கட்டும். சோபாவுக்கும் முன்னால் உள்ள மேஜைக்கும் இடையே ஒன்றரை அடி போதும். அதற்கு மேல் போனால் டம்ளர் வைக்க எழுந்து வர வேண்டியிருக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போடு. முதுகு உரசிச் சுவரில் கறை விழாது, காற்றும் போகும். இரண்டு நாள் அப்படியே புழங்கிவிட்டு, தேடுகிற பொருளை மட்டும் உள்ளே கொண்டுவா.

அடுத்து விளக்கு. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான ஒளி, 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, படிக்கும் அறைக்கு 4000 என்று வைத்துக்கொள். ஒரே அறையில் இரண்டு விதமான ஒளியைக் கலக்காதே. ஒரு சுவர் மஞ்சளாகவும் பக்கத்துச் சுவர் நீலமாகவும் தெரிந்தால் எந்தப் பெயின்ட்டும் எடுபடாது. வாட்டைவிட லுமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, என்ன என்று பார்ப்பதுதான் சரி: 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 800 லுமன் தரும். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் உண்டு. 80-க்குக் கீழ் இருந்தால் வாங்காதே, 90 இருந்தால் நல்லது. மேலே ஒரே ட்யூப்லைட் இருக்கும் ஹாலில், மூலையில் ஒரு மேஜை விளக்கு வைத்தால் போதும், அறைக்கு ஆழம் வந்துவிடும்.

இனி சுவர். உண்மையான வேலை இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உப்பிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்க்காமல் டப்பாவைத் திறக்காதே. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடு. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது: ஜன்னல் அடிக்கட்டையில் விரிசல், பின்னால் ஓடும் குழாய், மேலே கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கசிவை அடைத்த பிறகும் சுவர் காயச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பூசினால், வெளியேறும் ஈரம் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு மறுபடி உப்பும். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடு. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பழைய பூச்சு என்னவென்று தெரிந்துகொள். கையால் தேய்த்தால் மாவு போல ஒட்டினால் டிஸ்டெம்பர். அதன்மேல் நேராக எமல்ஷன் என்ற தண்ணீர்ப் பெயின்ட்டை அடித்தால் தோல் தோலாக உரியும். ஈரத் துணியால் தேய்த்துக் கழுவி எடுத்து, காயவிட்டு, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடி. பளபளப்பாக இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார். பஞ்சில் நிறம் வந்தால் தண்ணீர்ப் பெயின்ட். வராவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப் பெயின்ட். உப்புத்தாளால் பளபளப்பை மழுக்கி, ப்ரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன் பிடிக்கும். பல பத்தாண்டுகள் பழைய பூச்சு என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதே; நனைத்துத் தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

முடி போன்ற விரிசல்களை ஸ்கிரேப்பர் முனையால் சற்றுக் கீறி அகலமாக்கினால்தான் பட்டி (விரிசலை நிரப்பும் பசை) உள்ளே போகும். பட்டியை மெல்லியதாக இரண்டு தடவை வை. ஒரே தடவையில் அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு 220. தூசியைத் துடைத்து, பட்டி பார்த்த இடங்களில் கட்டாயம் ப்ரைமர் அடி. அடிக்காவிட்டால் அந்த இடங்கள் மட்டும் பெயின்ட்டை உறிஞ்சி மங்கலாகக் காயும். வேலை முடிந்த பிறகு சுவரெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். பெயின்ட் மட்டம் என்று பலர் குறை சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இப்போது செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும் விஷயம். உன் ஹால் 14-க்கு 12, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 465 சதுர அடிச் சுவர். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 100 முதல் 120 சதுர அடி வரும். கணக்குக்கு 100 என்று வை. இரண்டு கோட்டுக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அழுக்கு இருப்பது கீழ்ப்பகுதியில்தான். மேல்சுவர் நன்றாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடு. தரையிலிருந்து மூன்றரை அடி உயரம் மட்டும் சற்று அடர்ந்த நிறம் அடி. அது சுமார் 170 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு மூன்றரை லிட்டர் போதும். பிள்ளைகளின் கையும் நாற்காலி முதுகும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய சாட்டின் வகையாக வாங்கு. பளபளப்பில்லாத மேட் வகையில் கறையைத் தேய்த்தால் தேய்த்த இடம் பளபளக்கும். சாட்டினில் ஒரு குறை உண்டு: சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பட்டி வேலையை அவ்வளவு அழுத்திச் சொன்னேன். கோடு சுவிட்ச் பலகையின் நடுவே போகாமல் பார்த்துக்கொள், கண்ணை உறுத்தும்.

அந்தக் கோடு நேராக வருவதில்தான் அழகெல்லாம் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் தரையிலிருந்து அளந்து முதல் குறி வை. மற்ற மூலைகளில் அப்படி அளக்காதே, தரை பெரும்பாலும் மட்டமாக இருக்காது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முதல் குறியிலும் மறுமுனையை அடுத்த மூலையிலும் பிடித்தால் தண்ணீர் நிற்கும் உயரம் மட்டம். மூலைக்கு மூலை பென்சில் குறி வைத்து நூல் பிடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் கீழ் விளிம்பை ஒரு பழைய அட்டையால் அழுத்தித் தேய். உடனே புது நிறத்தை அடித்துவிடாதே. மேல்சுவரின் நிறம் மிச்சமிருந்தால் அதை விளிம்பில் லேசாக ஒரு கை தடவு. இல்லையென்றால் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷ். டேப்பின் அடியில் கசிய வேண்டியது அதுவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். காய்ந்ததும் புது நிறம் இரண்டு கோட்டு. இரண்டாம் கோட்டு ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக மெல்ல இழு. முழுக்கக் காயவிட்டால் பெயின்ட்டும் சேர்ந்து கிழிந்து வரும். அப்படி ஆகிவிட்டால் பிளேடால் விளிம்பைக் கீறிவிட்டு இழு.

இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடு, டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறலாம். அடிக்கும்போது ஃபேன் போடாதே. முந்தைய பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும், இல்லையென்றால் ரோலர் கோடுகள் நிற்கும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் சுவரில் சாய்த்து வைத்துப் பார். அதனால்தான் பல்பை முதலில் மாற்றச் சொன்னேன்.

திரைச்சீலையில் துணியின் விலையைவிட அளவுதான் முக்கியம். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் மேலே, இரு பக்கமும் எட்டு அங்குலம் நீளவிட்டுப் பொருத்து. திரையை ஒதுக்கினால் துணி சுவர்மேல் நிற்கும், கண்ணாடி முழுக்கத் திறந்து ஜன்னலே பெரிதாகத் தெரியும். உன் நாலடி ஜன்னலுக்குக் கம்பி 5 அடி 4 அங்குலம். துணி அகலம் கம்பியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். 54 அங்குல அகலத் துணியில் இரண்டு பாகம் சரியாக இருக்கும். கம்பியிலிருந்து தரை ஏழரை அடி என்றால் மேலும் கீழும் மடிக்க எட்டு அங்குலமும் சுருக்கத்துக்கு நான்கு அங்குலமும் சேர்த்து ஒரு பாகம் 2.6 மீட்டர், ஜன்னலுக்கு 5.2 மீட்டர். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவை. தைத்த பிறகு முதல் துவைப்பில் திரை கணுக்காலுக்கு ஏறிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

படங்கள் பெரும்பாலும் உயரமாகவே மாட்டப்படுகின்றன. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். சோபாவுக்கு மேல் என்றால் முதுகிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலம். பல படங்கள் என்றால் செய்தித்தாளை அதே அளவில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு ஓட்டை போடு. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் டிரில் போடாதே, உள்ளே வயர் ஓடும்.

பிள்ளைகள் அறைக்குக் குறைவாகவே சொல்வேன். அலமாரிக் கைப்பிடிகளை மாற்றினாலே பாதி வேலை முடியும். வாங்கும் முன் இரண்டு திருகுகளின் நடுவே உள்ள தூரத்தை அள; பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர். அளவு தவறினால் புது ஓட்டை போட வேண்டிவரும். ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணம் இருந்தால் பெயின்ட் அடித்து நான்கு வாரம் கழித்து ஒட்டு, அதற்கு முன் பிடிக்காது. உயரமான புத்தக அலமாரியை எல் வடிவ இரும்புத் துண்டு வைத்துச் சுவரோடு திருகிவிடு. இதை மட்டும் தள்ளிப் போடாதே. பிள்ளைகள் ஏறி இழுத்தால் அலமாரி சாய்ந்துவிடும்.

சோபா உறை, செடி எல்லாம் இதற்குப் பிறகு யோசிக்கலாம். பிளாஸ்டிக் தாளில் எந்தப் பக்கம் ஈரம் வந்தது, பழைய பூச்சு டிஸ்டெம்பரா எமல்ஷனா, இரண்டாவது ஜன்னலின் அகலம் என்ன என்பதை எழுது. பட்டி, ப்ரைமர் அளவைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி